காற்றில் வலை பின்னியவர்கள்

கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வலை காயவைக்கிற மீனவரை ரோசி தன் இருபத்தாறு வயதில் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். கட்டம் போட்ட லுங்கி, உப்புப் பூத்த சட்டை, காதிடுக்கில் பாதி பீடி. மூக்கின் மேல் மட்டும் பளபளவென்று கறுப்புக் கண்ணாடி. ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டைக்கூட இன்னும் பிய்க்கவில்லை.

"சார், கோட்டைக்குப்பத்துல ஏதாச்சும் ஷூட்டிங் நடக்குதா?" என்று கிசுகிசுத்தாள்.

"அவர்தான் நம்ம கட்சிக்காரர். பேர் தருமன். வாயை மூடு" என்றார் ஞானதாஸ்.

ஞானதாஸ் இராயபுரம் போலீஸ் நிலையத்தில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மண்ணடியில் ஒரு மாடி அறையில் அவர் நடத்திய துப்பறியும் நிலையத்தின் மொத்தப் பரிவாரம் மூன்று: அவர், ரோசி, ஒரு மின்விசிறி. அவற்றுள் நாள் முழுக்க ஓயாமல் சத்தம் போடுவது மின்விசிறி அல்ல என்று அவர் எல்லோரிடமும் சொல்லுவார்.

அது 1983 ஜூன் மாதம். காலை எட்டு மணிக்கே பழவேற்காடு ஏரி கண்ணைக் குத்தியது. தருமன் அவர்களைக் கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் உட்காரவைத்து, ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"என் தம்பி அர்ஜுனனுக்கு அவன் பொண்டாட்டி ஊமத்தங்காய் அரைச்சிக் குடுத்துக்கினு கீறா சார். அதை நீங்க கண்டுபிடிச்சி, சாயந்திரம் நாலு மணிக்கு ஊர்ப் பஞ்சாயத்துல சொல்லணும். அவ்ளோதான்."

"நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்களே, அப்புறம் நாங்க எதுக்குண்ணே?" என்றாள் ரோசி.

"ரோசி!"

"இல்ல சார், கேட்டு வெச்சேன்."

தருமன் கோபித்துக்கொள்ளவில்லை. இன்னொரு சொம்பு தண்ணீர் கேட்டு உள்ளே குரல் கொடுத்துவிட்டு, நடந்ததைச் சொன்னார். மூன்று பேர் அண்ணன் தம்பிகள். கடைசித் தம்பி வரதன் போன கார்த்திகையில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போய்விட்டான். அன்றிலிருந்து அர்ஜுனன் ஏரிக்குப் போவதில்லை, பேசுவதில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சித்திரையில் திடீரென்று வேறு மாதிரி ஆனான். நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. கண்ணின் கருமணி தேங்காய்க் கண்ணைப்போல் அகன்றது. நடந்தால் தள்ளாடினான். கூரையில் மீன் நீந்துகிறது என்றான்.

"எங்க பாட்டன் காலத்துலேர்ந்து பார்த்துக்கினு கீறோம் சார். ஊமத்தை உள்ள போனா இப்படித்தான் ஆவும். பொன்னேரி பெரியாஸ்பத்திரிக்கு இட்டுனு போனோம். நாலு நாள்ல தெளிஞ்சிட்டான். வூட்டுக்கு வந்தான். மூணாம் நாள் பழையபடி ஆயிட்டான். ஆஸ்பத்திரி சோறு தின்னா நல்லாக்கீறான், அவ கையால தின்னா பைத்தியமாவுறான். இதுக்கு மேல இன்னா வேணும்?"

ஞானதாஸ் தலையாட்டினார். ரோசி அதை அப்படியே தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அர்ஜுனனின் வீடு குப்பத்தின் வடக்குக் கோடியில் இருந்தது. பாயில் உட்கார்ந்திருந்த மனிதனைப் பார்த்ததும் ரோசிக்கு இருந்த கொஞ்சநஞ்ச விளையாட்டும் போய்விட்டது. முப்பத்தைந்து வயதுக்காரன், ஏரியில் கழி ஊன்றி ஊன்றி இறுகிய தோள்கள். அவன் இரண்டு கைகளும் வெறும் காற்றில் எதையோ பிடித்து, முடிச்சுப் போட்டு, இழுத்து, அடுத்த கண்ணிக்குப் போயின. விரல்களுக்கு நடுவில் ஒன்றுமே இல்லை.

"நாள் முச்சூடும் இப்படித்தான் வலை பின்றாரு" என்றாள் அவன் மனைவி பவுனம்மாள். மெலிந்த பெண். ஒரு மாதமாக ஊரில் யாரும் அவளோடு பேசுவதில்லை. அதனாலோ என்னவோ, ரோசி "அக்கா" என்று கூப்பிட்டதற்கே அவள் கண் கலங்கியது.

ஞானதாஸ் கொல்லைப்பக்கம் போய் ஊமத்தைச் செடியைப் பார்த்துவிட்டு வந்தார். செடிக்கும் வேலிக்கும் நடுவில் சிலந்தி ஒன்று வலை கட்டி முழுசாய்க் குடித்தனம் போட்டிருந்தது.

"ஒரு மாதமா காய் பறிச்ச வீட்டுச் செடியில சிலந்தி இவ்வளவு நிம்மதியா இருக்காது. காயும் ஒண்ணுகூடக் குறையலை. ஆனா தருமன் கேட்ட கேள்வி நியாயமானது ரோசி. ஆஸ்பத்திரியில கிடைக்காத ஏதோ ஒண்ணு இந்த வீட்டில கிடைக்குது. அது என்னன்னு நீ கேள். பொம்பளைங்க விஷயம், நான் வெளியே நிக்கிறேன்."

"துப்பறியற வேலையை எங்கிட்டத் தள்ளிட்டு, நீங்க சிலந்தியோட பேசிட்டிருங்க சார்."

பவுனம்மாளிடம் அவள் சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, ஆஸ்பத்திரியில குடுக்காததை வீட்டில என்ன குடுக்கறீங்க?"

பவுனம்மாள் எழுந்துபோய் அரிசி டின்னுக்குள் கைவிட்டு ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்தாள்.

"பங்குனியில பொன்னேரி டாக்டர் ஒருத்தர்கிட்ட ரெண்டு பேருமா போனோம். மனசு ஒடஞ்சி போனவங்களுக்குக் குடுக்கறதாம். ராத்திரி மூணு. கேக்கறவங்ககிட்ட சத்து மாத்திரைன்னு சொல்லிட்டேன். யாருக்கும் சொல்லாதேன்னு என் தலை மேல அடிச்சி சத்தியம் வாங்கிக்கினாரு. ஆஸ்பத்திரியிலகூட நான் சொல்லல. ஆஸ்பத்திரியே மருந்து குடுக்குதேன்னு அந்த நாலு நாளும் இதைத் தரல."

"ஏன்க்கா இவ்வளவு ரகசியம்?"

"பைத்தியத்துக்கு மாத்திரை தின்றான்னு ஊர் சொல்லும். அப்படி ஒரு பேர் வந்திடுச்சின்னா ஏரியில அவரு முறைக்கு வலை போட வுடமாட்டாங்க. எங்க முறை, அதான் எங்க பாடு, போயிடும். அப்புறம் அவரு எழுந்து வந்தாலும் எங்க போவாரு?"

"உங்களைக் கொலைகாரின்னு சொல்றாங்களே, அது பரவாயில்லையா?"

"என்னைச் சொன்னா அது என்னோட போவும்."

ரோசி அந்தப் பட்டையை வெளியே கொண்டுவந்து ஞானதாஸிடம் காட்டினாள். அவர் பெயரைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதை என் மச்சான் ரெண்டு வருஷமா சாப்பிடறார். தினம் மூணு. அவருக்கு வந்த ஒரே கெடுதல், இப்போ கலகலப்பா ஆகி வாரம் ரெண்டு தடவை எங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றார். கூரையில மீன் பார்த்ததே இல்லை."

"அப்போ மாத்திரை மேலயும் தப்பில்லை. ஊமத்தையும் இல்லை. இனிமே சிலந்தியைத்தான் சார் விசாரிக்கணும்."

அப்போது தருமன் அங்கே வந்து சேர்ந்தார். வாசற்படி தடுக்கியது. நிமிர்ந்துகொண்டே, "எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் புத்தி பேதலிச்சதில்ல சார், எழுதிக்கங்க" என்றார்.

உள்ளேயிருந்து பவுனம்மாளின் குரல் மெல்ல வந்தது. கணவனின் அண்ணனுக்கு எதிரில் அவள் பேசுவதே வழக்கமில்லை. "அனுப்பம்பட்டு நாத்தனாருக்கு ஆச்சே, மாமா. அவங்களுந்தான் காத்துல வலை பின்னினாங்கன்னு எங்க கல்யாணத்தன்னிக்கு அவங்க வூட்டுக்காரரு சொன்னாரு."

"அது பேய்!" என்று கத்தினார் தருமன். "அதுவும் இதுவும் ஒண்ணா? எட்டு வருசம் ஆச்சு. நீ இந்த வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி!"

சொன்ன பிறகுதான், அது பவுனம்மாளுக்குச் சாதகமான பேச்சு என்று அவருக்கே உறைத்தது. ஞானதாஸ் குடையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார்.

பொன்னேரி வரை பேருந்து, அங்கிருந்து ஒரு நிலையம் ரயில். அண்ணன் தம்பிகளின் ஒரே சகோதரி தேசம்மாளை அனுப்பம்பட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் கணவர் இளங்கோவன் ரயில்வே கேட் கீப்பர். எந்த ரயில் எத்தனை மணிக்குப் போனது என்று எழுதி எழுதி, வீட்டில் நடப்பதையும் அதே மாதிரி எழுதிவைக்கிற பழக்கம் வந்துவிட்ட மனிதர். எட்டு வருஷத்துப் பழைய டைரியைத் தேட அவருக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"எழுபத்தஞ்சு, ஆகஸ்ட். இதோ பாருங்க சார். பன்னிரண்டாம் தேதி மாலை ஆறு இருபது, பேய் ஏறியது."

"லேட்டா வந்துச்சா, ரைட் டயமா?" என்றாள் ரோசி.

இளங்கோவன் சிரிக்கவில்லை. "வாய் வறண்டு போச்சும்மா. கண்ணைத் திறந்தா வெளிச்சம் குத்துதுன்னா. அப்புறம் உக்காந்து வலை பின்ன ஆரம்பிச்சா. அவங்க ஊர்ல கடல்ல செத்தவன் எவனோ வந்துட்டான்னு நினைச்சோம். இருபதாம் தேதி எளாவூர்லேர்ந்து ஒரு பூசாரி வந்து வேப்பிலை அடிச்சார். இருபத்தொண்ணாம் தேதி போயிடுச்சு."

தேசம்மாள் கதவருகில் நின்று முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். நாற்பதைத் தொடும் வயது, நல்ல தெளிவான முகம். "அடி வாங்கினது நானு. பேரு வாங்கினது பூசாரி."

ஞானதாஸ் டைரியை வாங்கி இரண்டு பக்கம் பின்னால் புரட்டினார். "எட்டாம் தேதி என்னமோ எழுதியிருக்கீங்களே?"

"அது தலைவலிக்கு சார். மூணாவது பிள்ளைக்கு அப்புறம் ஓயாத தலைவலி. மெட்ராஸ்ல ஒரு டாக்டர் பத்து நாளைக்கு மாத்திரை எழுதினார். சீட்டு கம்பியில குத்தி வெச்சிருக்கேன்."

மஞ்சளேறிய சீட்டு வந்தது. ரோசி எட்டிப் பார்த்தாள். காலையில் அரிசி டின்னிலிருந்து வந்த பட்டையில் இருந்த அதே பெயர்.

"எட்டாம் தேதி மாத்திரை. பன்னிரண்டாம் தேதி பேய்" என்று விரல்விட்டு எண்ணினாள். "பதினேழோட மாத்திரை தீர்ந்துபோச்சு. நாலு நாள்ல பேயும் போயிடுச்சு. சார், இது பத்து நாள் கோர்ஸ் பேய்!"

ஞானதாஸ் கடைசியாக ஒன்று மட்டும் கேட்டார். "உங்க மாமனாரும் மாமியாரும் முன்னாடியே உறவா?"

"எங்க நைனாவுக்கு அவரோட சொந்த அக்கா மவளைத்தான் கட்டி வெச்சாங்க" என்றாள் தேசம்மாள். "ஏன் சார்?"

"தெரியலைம்மா. தெரிஞ்ச ஒருத்தங்களைக் கேக்கப்போறேன்."

அந்தத் தெரிந்தவர் டாக்டர் ராபியா. பழவேற்காட்டுப் பழைய வியாபாரக் குடும்பத்துப் பெண். சென்னையில் மருத்துவ மாணவர்களுக்கு மருந்தியல் சொல்லிக்கொடுக்கிறவர். பொன்னேரி தபாலாபீசில் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு ஒன்றே முக்கால் மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தார்கள். ரோசி சுவரில் இருந்த அத்தனை அறிவிப்புகளையும் இரண்டு தடவை படித்து முடித்தபிறகுதான் மணி அடித்தது. அவளும் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டாள்.

முழுவதையும் கேட்டுவிட்டு டாக்டர் சொன்னார்: "நம்ம ஊர்க்காரங்களுக்கு நான் எப்படிச் சொல்வேன் தெரியுமா? மழைக்காலத்தில ஏரிக்கு வர்ற தண்ணியெல்லாம் முகத்துவாரம் வழியாக் கடலுக்குப் போயிடுது. முகத்துவாரத்தில மண் மூடிக்கிச்சின்னா?"

"ஏரி நிரம்பிக் குப்பத்துக்குள்ள தண்ணி வரும்" என்றார் ஞானதாஸ்.

"அதேதான். சாப்பிடற மருந்தை ஈரல் வடிச்சு வெளியே தள்ளணும். சில பேருக்குப் பிறவியிலேயே அந்த வாய் அடைஞ்சிருக்கு. நேத்து மாத்திரை போறதுக்குள்ள இன்னிக்கு மாத்திரை வந்து சேருது. சீட்டுல மூணுதான். உடம்புக்குள்ள பத்து, பதினஞ்சு. நாக்கு வறட்சி, கண்ணு, பிதற்றல் எல்லாம் ஊமத்தை மாதிரியே இருக்கும். இது பெத்தவங்ககிட்டேயிருந்து வர்றது. ரெண்டு பக்கத்திலேயிருந்தும் வந்து சேர்ந்தாத்தான் இப்படி ஆகும். சொந்தத்துக்குள்ள கட்டினா அது சேர வாய்ப்பு அதிகம். வெளிநாட்டில இதை ஆராய்ச்சி பண்றாங்க. எழுதின டாக்டர் இதைத் தெரிஞ்சிருக்க வழியே இல்லை. அவர் மேல தப்பு சொல்லாதீங்க."

"இப்போ என்ன செய்யணும்?"

"இன்னிக்கு ராத்திரி மாத்திரை உள்ள போகக்கூடாது. உடனே ஆஸ்பத்திரியில சேருங்க, இதயத்துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்க. அது தாறுமாறாப் போனா உயிருக்கே ஆபத்து. அப்புறம் ஞானதாஸ், கூடப்பிறந்தவங்க எல்லாருக்கும் இப்படி இருக்கணும்னு இல்லை. ஆனா இருக்கலாம். விசாரிங்க."

லைன் அறுந்தது. ஞானதாஸ் ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ரோசி, நம்ம கட்சிக்காரர் காலையில எத்தனை சொம்பு தண்ணி குடிச்சார்?"

"எண்ணலை சார். ஏரியில தண்ணி குறைஞ்ச மாதிரி இருந்துச்சு."

அவர் தெருவில் இறங்கி ஒரு வாடகை டாக்சியைக் கைகாட்டி நிறுத்தினார். ஞானதாஸ் டாக்சி பிடித்து ரோசி பார்த்தது அதுவே முதல் தடவை. அவளும் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கோட்டைக்குப்பத்தின் வலை காயும் மணல்வெளியில் ஊர் கூடியிருந்தது. ஞானதாஸ் நேரே வடக்குக் கோடி வீட்டுக்குப் போய்ப் பவுனம்மாளிடம் விஷயத்தைச் சொன்னார். "சத்தியம் உங்களுது. சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். நாங்க சொல்லமாட்டோம். ஆனா வெளியே டாக்சி நிக்குது. அர்ஜுனன் அதுல ஏறியே ஆகணும்."

அவள் கணவனின் கைகளைப் பார்த்தாள். அவை இன்னும் பின்னிக்கொண்டிருந்தன. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் மணல்வெளிக்கு நடந்தாள்.

தருமன் அங்கே புகாரைப் படித்துக்கொண்டிருந்தார். காகிதத்தைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்தும் எழுத்து கூடவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. பவுனம்மாள் நடுவில் போய் நின்றாள்.

"எங்க வூட்டுக்காரரு இப்படி ஆனதுக்கு நான்தான் காரணம். என் கையாலதான் குடுத்தேன்."

மணல்வெளி முழுக்கக் கொந்தளித்தது. "பாத்தீங்களா!" என்று தருமன் குதித்தார். ஊர்த் தலைவர் கையைத் தூக்கி அடக்குவதற்குள் இரண்டு பெண்கள் அவளைப் பிடித்து இழுக்க வந்துவிட்டார்கள். ரோசி குறுக்கே போய் நின்றாள். "அக்கா இன்னும் முடிக்கலை. முழுசாக் கேட்டுட்டு இழுங்க."

பவுனம்மாள் மாத்திரைப் பட்டையை உயர்த்திக் காட்டினாள். வரதன் போனதிலிருந்து கணவன் தூங்காமல் கிடந்தது, பொன்னேரிக்குப் போனது, சத்தியம் வாங்கியது, எல்லாவற்றையும் சொன்னாள். ஞானதாஸ், இளங்கோவனின் டைரியைப் பற்றியும் டாக்டர் சொன்ன முகத்துவாரத்தைப் பற்றியும் சொன்னார். முகத்துவாரம் என்றதும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் பின்வரிசையில் ஒருவன், "அப்போ பைத்தியத்துக்கு மாத்திரைதானே?" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். பவுனம்மாளின் தலை குனிந்தது.

"இவ தப்பிக்கறதுக்குக் கதை வுடறா!" என்றார் தருமன். "வம்சத்துக்கே ஆவாதாம்ல? அப்போ எனக்கு ஏன் ஒண்ணும் ஆவல?"

"ஆகலையா?" என்றார் ஞானதாஸ் மிகவும் அன்பாக. "தருமன், அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் கழட்டுங்க."

"எதுக்கு?"

"சும்மா. உங்க கண்ணை நான் இன்னும் பார்க்கவே இல்லையே."

தருமன் அசையவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் கை மெதுவாக மேலே போனது. கண்ணாடியை எடுத்ததும் வெயில் தாங்காமல் முகம் சுருங்கியது. சுருங்கிய இமைகளுக்கு நடுவே கருமணி இரண்டும் அகலமாக, கறுப்பாக விரிந்திருந்தன.

"ஒரு மாசமா நீங்க தம்பி வீட்டில பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலைன்னு ஊருக்கே தெரியும்" என்றார் ஞானதாஸ். "பவுனம்மாள் உங்களுக்கு எதுவும் கொடுத்திருக்க முடியாது. சட்டைப் பையில இருக்கறதை நீங்களே எடுத்துடுங்க."

அதே பெயர் போட்ட இன்னொரு பட்டை. நான்கு மாத்திரைகள் மிச்சம்.

தருமன் மணலில் உட்கார்ந்துவிட்டார். "தூக்கம் வரலை சார்" என்றார், ஞானதாஸிடம் மட்டும் சொல்வதுபோல. "அன்னிக்கு வரதன் காத்து சரியில்ல, வேணாம்ணேன்னான். நான்தான் போடான்னு வெரட்டினேன். கண்ண மூடினா அவன் மூஞ்சி. யாருக்கும் தெரியாம பொன்னேரிக்குப் போனேன். தூக்கத்துக்குன்னு குடுத்தாரு. ஒரு வாரம் ஆவுது. தம்பியும் அதே டாக்டர்கிட்டப் போனான்னு எனக்கு எப்படித் தெரியும்? அவன் எங்கிட்டச் சொல்லல. நான் அவங்கிட்டச் சொல்லல."

யாரும் சிரிக்கவில்லை. பவுனம்மாள் அவர் அருகில் போய்க் குனிந்து, கையிலிருந்த பட்டையை வாங்கிக்கொண்டாள். "எழுந்திருங்க மாமா. டாக்சி நிக்குது. நீங்களும் ஏறுங்க."

பத்து நாள் கழித்து டாக்டர் ராபியா எழுதிக்கொடுத்த கடிதத்தோடு ஞானதாஸும் ரோசியும் மறுபடி கோட்டைக்குப்பம் போனார்கள். அந்தக் குடும்பத்தில் யாருக்கு எந்த மருந்தைக் கொடுத்தாலும் எவ்வளவு குறைவாக ஆரம்பிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. பொன்னேரி டாக்டர் ஏற்கெனவே டிரங்க் கால் போட்டு ராபியாவிடம் அரைமணி நேரம் பேசியிருந்தார். அர்ஜுனனுக்கு வேறு மருந்து, கடுகளவு. அவன் குழம்பில் உப்பு போதவில்லை என்று மனைவியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். சாப்பாட்டுத் தட்டோடு எதிரில் உட்கார்ந்திருந்த தருமன், உப்பு சரியாகத்தான் இருக்கிறது என்று பவுனம்மாள் பக்கம் பேசினார். பஞ்சாயத்து, ஏரியில் வலை போடும் அவர்கள் முறையை அவர்களுக்கே விட்டிருந்தது.

"நான் பிடிக்கச் சொன்னது ஒருத்தியை, நீங்க பிடிச்சது என்னை" என்று தருமன் குறைப்பட்டுக்கொண்டார். "இப்படித் தொழில் பண்ணா யாரு சார் உங்ககிட்ட வருவாங்க?"

பேருந்து நிறுத்தத்தில் ஞானதாஸ் குடைக்குள் அரைத்தூக்கத்தில் இருந்தபோது, ரோசியின் பக்கத்தில் ஒரு ஆள் வந்து நின்றார். பஞ்சாயத்தில் பின்வரிசையிலிருந்து கேள்வி கேட்ட அதே ஆள். தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, பொன்னேரில அந்த டாக்டர் எந்தத் தெருவுல கீறாரு? எனக்கில்ல. எங்க சகலைக்கு."

ரோசி சொல்லி அனுப்பினாள். ஐந்து நிமிஷத்தில் கூடைக்காரப் பெண் ஒருத்தி வந்து, தன் நாத்தனாருக்காக விசாரித்தாள். அதன் பிறகு ஊர்த் தலைவரே வந்து, வானத்தைப் பார்த்து, காற்றைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு, தனக்குத் தெரிந்த ஒருவருக்காகக் கேட்டார்.

ரோசியின் நாக்கு நுனியில் மூன்று கிண்டல்கள் வந்து நின்றன. மூன்றையும் விழுங்கிவிட்டு, தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். "தெரு பேரு எழுதித் தர்றேன் பெரியவரே. அவரைத் தனியா அனுப்பாதீங்க. வீட்டில ஒருத்தர்கிட்டச் சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க."

பெரியவர் தாளை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சொல்றேம்மா" என்றவர், இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தார். "பஸ்சு காலையில எத்தினி மணிக்கு?"